மழை, ரயில், சிதம்பரம்: வாசகர் கேள்விகள்

ஐப்பசி பிறந்ததும் கடலூர்ப் பக்கத்திலிருந்து கடிதங்கள் கூடிவிட்டன. இந்த இதழுக்கு ரயிலும் மழையும் சிதம்பரமும் வரும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என் மகன் மியூனிக்கில் வேலை பார்க்கிறான். கொட்டும் மழையில் ரயிலேறி, ஒரே நாளில் வியன்னா போய்த் திரும்பினானாம். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். கைப்பேசி நிறையப் படம் அனுப்பியிருக்கிறான். நமக்கு அப்படி ஓர் ஊர் உண்டா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், நெல்லிக்குப்பம்*

உண்டு. நாலு மணி நேரம் வேண்டாம், அதில் பாதியும் வேண்டாம். சிதம்பரத்துக்கு டிக்கெட் எடுங்கள். வியன்னாவில் உங்கள் மகன் பழைய பேராலயம், அரண்மனை, இசையரங்கு, பல்கலைக்கழகம் எல்லாம் பார்த்திருப்பார். சிதம்பரத்தில் சுமார் 40 ஏக்கரில் ஒரு கோயில், நாலு திசைக்கும் ஏழுநிலைக் கோபுரம். தண்டவாளத்துக்குக் கிழக்கே 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அதோடு இசைக்கென்றே ஒரு கல்லூரி. இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் பிச்சாவரத்து அலையாத்திக் காடு. அது வியன்னாவில் கிடையாது. ஒரு நாள் போய் வாருங்கள் ஐயா. இனி படங்கள் இங்கிருந்து மியூனிக்குக்குப் போகட்டும்.

ஊர் சுற்ற வெயில் காலம்தானே நல்லது? மழையில் போகச் சொல்கிறீர்களே!
*கல்லூரி மாணவி, பண்ருட்டி*

சித்திரை மாதம் பகல் பதினொரு மணிக்கு நடராஜர் கோயில் வெளிப்பிரகாரத்தில் வெறுங்காலோடு நடந்து பாருங்கள். கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கத் தோன்றாது, நிழலுக்கு ஓடத்தான் தோன்றும். மழை நாளில் கல் குளிர்ந்திருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள். வழியெல்லாம் சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருக்கும். கடலூர் மாவட்டத்து மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. இந்த மண் நிறைந்து நிற்கும் காலத்தில் அதைப் பார்க்காமல், காய்ந்து கிடக்கும்போது பார்ப்பானேன்?

கடலூரில் எந்த ஸ்டேஷனில் ஏறுவது? இரண்டு இருக்கிறதே.
*சென்னையிலிருந்து வரும் வாசகர்*

பஸ்ஸில் வந்து இறங்கினால் திருப்பாதிரிப்புலியூர், அது பேருந்து நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. பழைய ஊர்ப் பக்கம் தங்கியிருந்தால் முதுநகர், அதாவது துறைமுகம் சந்திப்பு. குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் போகும் தடம் அங்கேதான் பிரிகிறது. ஊர்க்காரர்கள் இன்னும் என்.டி. (நியூ டவுன்), ஓ.டி. (ஓல்டு டவுன்) என்றுதான் சொல்வார்கள்.

ரயிலுக்கு நேரமிருந்தால் திருப்பாதிரிப்புலியூரில் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். பாடலீசுவரர் கோயில் பக்கத்தில்தான். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லும் ஊர் இது. புதுமைப்பித்தன் 1906-ல் பிறந்ததும் இதே ஊரில். கெடிலத்துக்கு அந்தக் கரையில் மஞ்சக்குப்பம், ஜெயகாந்தன் 1934-ல் பிறந்த இடம். 1918-ன் கடைசியில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியாரைப் பிடித்து அடைத்ததும் கடலூர்ச் சிறையில். தமிழ் உரைநடையின் இரண்டு பெரிய கைகள் ஓர் ஆற்றின் இரு கரையில் பிறந்திருக்கின்றன. ஊருக்குள் வருகிறவருக்கு இதைச் சொல்ல ரயில் நிலையத்தில் ஒரு பெரிய பலகை இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஜன்னலோரம் எந்தப் பக்கம் பிடிப்பது?
*ஏழாம் வகுப்பு மாணவன், கடலூர் முதுநகர்*

தெற்கே போகும்போது இடது பக்கம் தம்பி, கடல் இருக்கும் பக்கம். கடல் கண்ணில் படாது, ஆனால் அந்தப் பக்கத்து வானம் படும். இந்தப் பருவத்து மழை அங்கிருந்துதான் கிளம்பி வரும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, அதற்கடுத்தது சிதம்பரம். பரங்கிப்பேட்டைக்கும் கிள்ளைக்கும் நடுவில் வெள்ளாற்றுப் பாலம் வரும். அங்கே கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டுக் கண்ணால் பார். மழைக்காலத்து வெள்ளாறு செம்மண் நிறத்தில் அகன்று ஓடும்.

பரங்கிப்பேட்டை சின்ன ஊர், பெரிய சரித்திரம். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் கடை விரித்த துறைமுகம். 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் மோதியது இந்த ஊர் அருகேதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் ஆய்வு மையம் இன்று வெள்ளாற்று முகத்துவாரத்தில் நடக்கிறது. மீன் பிடிக்குமென்றால் பெரியவனானதும் அங்கே படிக்கப் போ.

முதுநகரைத் தாண்டியதும் சிப்காட் தொழிற்பேட்டை வரும். அதைச் சுற்றியுள்ள கிராமத்தார் காற்றும் கிணற்றுநீரும் கெட்டுவிட்டதென்று ஆண்டுக்கணக்கில் மனுக்கொடுத்து வருகிறார்கள். ஜன்னல் வழியே அதையும் பார்த்து வைத்துக்கொள்.

மீட்டர் கேஜ் காலத்து ரயிலில் இருந்த சுகம் இப்போது இல்லை. ஒப்புக்கொள்கிறீர்களா?
*முன்னாள் ரயில்வே ஊழியர், விழுப்புரம்*

சுகத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விழுப்புரம்–மயிலாடுதுறைப் பாதையை அகலமாக்க 2006 கடைசியில் மூடினார்கள், 2010-ல்தான் திறந்தார்கள். நடுவில் மூன்று மழைக்காலம் இந்தப் பக்கத்து மாணவர்களும் நோயாளிகளும் வியாபாரிகளும் பஸ்ஸை மட்டுமே நம்பிக் கிடந்தார்கள். மறுபடி ரயில் ஓடியபோது அவர்கள் பட்ட மகிழ்ச்சிக்கு முன்னால் கேஜ் ஒரு பொருட்டா?

யாழ்ப்பாணத்திலிருந்து சிதம்பரம் போய் வந்ததை எங்கள் அப்பப்பா கதை கதையாகச் சொல்லுவார். அவர் எப்படிப் போயிருப்பார்?
*டொராண்டோ வாசகி*

உங்கள் அப்பப்பாவின் அப்பப்பா பாய்த்தோணியில் வந்திருப்பார். அப்பப்பா போட் மெயிலில் வந்திருப்பார். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தலைமன்னாரில் கப்பலேறி தனுஷ்கோடியில் இறங்கினால் சென்னை ரயில் காத்திருக்கும். மானாமதுரை, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் என்று வந்து சிதம்பரத்தில் இறங்கலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த வழி போயிற்று.

யாழ்ப்பாணத்தாருக்குச் சிதம்பரம் அயலூர் அல்ல. ஆறுமுக நாவலர் 1864-ல் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஈழத்தவர் கட்டிய மடங்கள் அந்த ஊரில் இருந்தன. நீங்கள் வரும்போது சென்னையிலிருந்து காரில் வராதீர்கள் அம்மா. எழும்பூரில் சோழன் எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். அப்பப்பா கண்ட வயல்களில் சில இன்னும் வயலாகவே இருக்கின்றன.

கோயில் நடை எப்போது திறந்திருக்கும்?
*பல வாசகர்கள்*

காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை, மாலை ஐந்து முதல் இரவு பத்து வரை. காலை ரயிலை விட்டுவிட்டுப் பகல் ஒரு மணிக்குப் போய்ச் சாத்திய கதவைப் பார்த்து நிற்பவர்கள் நிறையப் பேர். முதல் ரயிலில் போங்கள்.

கோயிலுக்குள் போகும் நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டால் எங்கே ஒதுங்குவது?
*பரதம் பயிலும் மாணவி, நெய்வேலி*

கோபுர வாயிலில். வேறெங்கும் ஓடாதீர்கள். மழை ஓய ஒரு மணி நேரம் ஆனால் உங்களுக்கு யோகம்.

வாயிலின் இரு பக்கச் சுவரையும் பாருங்கள். கட்டம் கட்டமாக ஆடும் பெண்கள், மேலிருந்து கீழ்வரை. பரத சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் ஒவ்வொரு கரணத்தோடும் அதற்குரிய சுலோகத்தைக் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். பாடப்புத்தகமும் படமும் ஒரே சுவரில். தஞ்சைப் பெரிய கோயிலில் விமானத்தின் மேல்தளத்தில் கரணங்களைச் செதுக்கத் தொடங்கி 81-ல் நிறுத்திவிட்டார்கள், மீதிக் கல் வெறுமையாகக் காத்திருக்கிறது. அதற்குப் பிந்திய சிதம்பரத்துச் சிற்பிகள் 108-ஐயும் முடித்தார்கள். பத்மா சுப்ரமணியம் போன்றவர்கள் கரணங்களைத் திரும்ப உடம்பில் கொண்டுவர முயன்றபோது இந்தச் சுவர்கள்தாம் பெரிய சான்று.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். நீங்கள் கற்ற அடவுகளில் எது எந்தக் கட்டத்தில் தெரிகிறதென்று தேடுங்கள். முழங்கால் மடிப்பைப் பாருங்கள், பாதம் ஊன்றியிருக்கும் விதத்தைப் பாருங்கள், இடுப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதென்று பாருங்கள். வெயில் நாளில் இந்த வாயிலை எல்லோரும் அரை நிமிடத்தில் கடந்து போகிறார்கள். மழைதான் நிறுத்தி வைக்கிறது.

மழை விட்டதும் உள்ளே போய் நிருத்த சபையைப் பாருங்கள். குதிரைகள் பூட்டிய தேர் வடிவம், தூண்களில் அவ்வளவு நுணுக்கம். சிவகாமி அம்மன் சன்னதி முன்மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் பழைய ஓவியங்கள். அவற்றுக்கு ஈரம் எதிரி. மழைக்காலத்தில் பார்க்கும்போது அந்தக் கவலையும் சேர்ந்தே வருகிறது.

பாரிஸ் கிமே அருங்காட்சியகத்தில் சோழர் காலத்து நடராஜரைப் பார்த்து மெய்சிலிர்த்துவிட்டேன். அதைவிடச் சிதம்பரத்தில் என்ன இருக்கிறது?
*பிரான்ஸில் வாழும் புதுச்சேரி வாசகர்*

அங்கே அவர் நிற்கிறார், இங்கே அவர் தெருவுக்கு வருகிறார். பெரும்பாலான கோயில்களில் மூலவர் கருவறையை விட்டு அசைய மாட்டார், உற்சவர்தான் உலா வருவார். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மூலவரான நடராஜரே தேரேறி நான்கு தேர் வீதிகளையும் சுற்றுகிறார். மார்கழியில் அந்தத் தேரோடு மழையும் வந்ததுண்டு. ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை.

உங்கள் நாட்டுச் சிற்பி ரோதான் சென்னை அருங்காட்சியகத்து நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்து 1913-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் இந்தியா வந்ததில்லை. 1921-ல், அவர் இறந்தபின், அது அச்சாயிற்று. படத்தைப் பார்த்தே அப்படி எழுதிய மனிதர் நடராஜர் ஆடும் சித்சபைக்கு எதிரே நின்றிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குப் புதுச்சேரி வீடு. ரோதானுக்குக் கிடைக்காதது உங்களுக்கு ஒரு பகலில் கிடைக்கும்.

சைவரா, வைணவரா, யாருக்கு அந்தக் கோயில்?
*சீர்காழி வாசகர்*

ஒரே இடத்தில் நின்று நடராஜரையும் பார்க்கலாம், பள்ளிகொண்ட கோவிந்தராஜப் பெருமாளையும் பார்க்கலாம். கழுத்தைத் திருப்பினால் போதும்.

கோயிலின் பெருமை பேசுகிறீர்கள். நந்தனாரை மறந்துவிட்டீர்களா?
*சட்டக்கல்லூரி மாணவர், சிதம்பரம்*

மறக்கவில்லை, மறக்கக் கூடாது. அவர் ஊரான ஆதனூரிலிருந்து சிதம்பரம் ஒரு நாள் நடைதான். அந்த நடையைத் தொடங்க அவரால் முடியவில்லை. நாளை போவேன், நாளை போவேன் என்று சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர் வாங்கினார். சோம்பலால் தள்ளிப்போட்டவர் அல்ல. பிறந்த சாதியைச் சொல்லி ஊர் மறித்தது. கோயில் எல்லை வரை வந்தும் உள்ளே போக முடியாமல் மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். தீயில் மூழ்கி எழுந்தால்தான் சேரலாம் என்று கதை அவருக்கு விதித்தது. சேக்கிழார் பாடினார், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி சரித்திரக் கீர்த்தனையாக்கி ஊரெல்லாம் அழவைத்தார்.

அழுததோடு நில்லாமல் காரியத்தில் இறங்கியவர் சுவாமி சகஜானந்தர். 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கி, ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். சிதம்பரம் போகிறவர்கள் கோபுரத்தைப் பார்த்துவிட்டு நந்தனார் பள்ளியையும் கேட்டு விசாரித்துப் போய்ப் பாருங்கள். அந்த ஊரின் பெரிய கட்டடங்களில் அதுவும் ஒன்று என்றே நான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

மழையில் பசிக்குமே!
*வடலூர் வாசகர்*

சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சுவும். சாதத்தில் மிளகும் சீரகமும் நெய்யும் மணக்கும். கொத்சுவில் வெந்து மசிந்த கத்தரிக்காய், புளி, வறுத்துப் பொடித்த மல்லி மிளகாய், மேலே மிதக்கும் நல்லெண்ணெய். நடராஜருக்கு நைவேத்தியமாகும் உணவு இது. கடைகளில் இட்லிக்கும் தொட்டுக்கொள்ளத் தருகிறார்கள். ஆறவிடாமல் சாப்பிடுங்கள்.

நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மழைக்காலம் வந்தாலே புத்தகங்களை நினைத்துப் பயம். சிதம்பரத்தில் தேவாரச் சுவடிகளைக் கரையான் தின்றது உண்மையா?
*மயிலாடுதுறை வாசகி*

வழிவழியாகச் சொல்லும் வரலாறு அப்படித்தான். ராஜராஜன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி வழிகாட்ட, கோயிலில் பூட்டியிருந்த அறையைத் திறந்தபோது ஏடுகள் புற்று மூடிக் கிடந்தன. எண்ணெய் விட்டுப் புற்றைக் கரைத்து எடுத்ததில் கொஞ்சம்தான் மிஞ்சியது. அந்தக் கொஞ்சம்தான் இன்று ஓதுவார்கள் பாடுவது.

அதே ஊருக்கு, ஊர் ஊராக ஏடு தேடி மீட்ட உ.வே. சாமிநாதையர் 1924-ல் வந்து, மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக 1927 வரை இருந்தார். அந்தக் கல்லூரிதான் பின்னால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. ஏடுகள் புற்றில் கிடந்த ஊரில் ஏடு காத்தவர் பாடம் சொன்னார். உங்கள் பயம் நல்ல பயம். கீழ்த்தட்டுப் புத்தகங்களை இப்போதே மேலே ஏற்றிவிடுங்கள்.

பிச்சாவரத்தில் மழையில் படகு விடுவார்களா?
*புதுமணத் தம்பதி, திருவண்ணாமலை*

தூறலில் விடுவார்கள். காற்றும் இடியும் இருந்தால் விட மாட்டார்கள், நீங்களும் கேட்காதீர்கள். எம்.ஜி.ஆர். நடித்த ‘இதயக்கனி’ 1975-ல் வந்த பிறகு எல்லோருக்கும் தெரிந்த இடமாயிற்று. சுமார் 1,100 ஹெக்டேர் காடு. சுரபுன்னை வேர்கள் வளைந்து நீருக்குள் இறங்கும் கால்வாய்களில், துடுப்புப் படகில் போவதே நல்லது. மோட்டார் சத்தத்தில் பறவை நிற்காது.

2004 சுனாமியில் கடலூர்க் கரையோரக் கிராமங்களை ஆராய்ந்தவர்கள், மரங்கள் அடர்ந்து நின்ற இடத்தில் சேதம் குறைந்திருந்ததை ‘சயின்ஸ்’ இதழில் அடுத்த ஆண்டே எழுதினார்கள். காட்டின் நடுவே பட்டுப்போன பகுதிகளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டி, கடல்நீர் வந்து போக வழிசெய்து கன்று நட்டார்கள். நீங்கள் படகில் போகும் நிழலில் கொஞ்சம் அவர்கள் உழைத்தது.

மழை மழை என்று கொண்டாடுகிறீர்கள். எங்களுக்கு மழை என்றால் ராத்திரி தூக்கம் போகும். இது தெரியுமா உங்களுக்கு?
*விவசாயக் குடும்பப் பெண், குறிஞ்சிப்பாடி வட்டம்*

தெரியும் அம்மா. மேற்கே பெய்யும் மழையெல்லாம் தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று உங்கள் மாவட்டத்தின் வழியாகவோ அதன் ஓரமாகவோதான் கடலுக்குப் போகிறது. உங்கள் ஊரில் ஒரு சொட்டு விழாத நாளிலும் வெள்ளம் வரும். கடலில் பொங்குமுகம் இருந்தால் வந்த நீர் வடியாது, வயலிலேயே நிற்கும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பலா திரும்பக் காய்க்க ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த வீட்டில் என்ன சாப்பிடுவது? நாலே ஆண்டில், 2015 நவம்பரில், பெருவெள்ளம் வந்து ஊர்களுக்குள் புகுந்தது.

அதனால்தான் சொல்கிறேன், பார்க்க வருகிறவர்கள் எல்லா மழைக்கும் வரக்கூடாது. வானிலை மையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை கொடுத்த நாளில் வீட்டில் இருங்கள். அன்று ரயிலும் பஸ்ஸும் சாலையும் மீட்புக்கு வேண்டும். ஓடைகளைத் தூர்வாரும் வேலை சித்திரை வைகாசியிலேயே முடிய வேண்டும் என்று உங்களைப் போன்றவர்கள் ஆண்டுதோறும் கேட்கிறீர்கள். ஐப்பசியில் பொக்லைன் இறங்கினால் யாருக்கு லாபம்? சுற்றுலாவுக்கு வரும் நாங்களும் உங்களோடு சேர்ந்து அதைக் கேட்க வேண்டும். இந்த மழையில் வயலைப் பச்சையாக வைத்திருப்பது நீங்கள். அந்தப் பச்சையைப் பார்க்கத்தான் நாங்கள் டிக்கெட் எடுக்கிறோம்.

குடையா, ரெயின்கோட்டா?
*கடலூர் வாசகர்*

குடை. கோயிலில் ரெயின்கோட்டைக் கழற்றி எங்கே வைப்பீர்கள்?

அப்படியே வடலூரையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா?
*சேலம் வாசகர்*

முடிக்கிற ஊர் அல்ல அது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ல் பிறந்த வள்ளலார், தில்லையை அத்தனை காலம் பாடிய பிறகு வடலூரில் தனியாக ஒரு சபை கட்டினார். 1867-ல் அவர் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை, பசித்து வந்தவர் யாரானாலும் அங்கே சோறு உண்டு. சத்திய ஞானசபை 1872-ல் எழுந்தது. முதுநகரிலிருந்து விருத்தாசலம் தடத்தில் இன்னொரு நாள் போங்கள். ஏன் இவர் சிதம்பரத்தோடு நிற்கவில்லை என்ற கேள்வியோடு போனால் இரண்டு ஊரும் விளங்கும்.

சாயங்கால பூஜை பார்க்க நின்றால் ரயில் போய்விடுமே. என்ன செய்வது?
*அரசு ஊழியர், கடலூர்*

ரயிலை விடுங்கள். கடலூருக்குப் பஸ் இருக்கிறது.